நான் தேய்த்த துரு

உடைந்த இரும்பைப் பரிசோதித்து, ஏன் உடைந்தது என்று எழுதிக் கொடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. லேபில் நின்று நின்று கால் வீங்கியவர்களே, என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத்தான் புரியும்.

பெண் பார்க்கும் படலம்

தொண்ணூறுகளில் துபாய் அல் கூஸில் ஒரு டெஸ்டிங் லேபில் எனக்கு டியூட்டி. ஜப்பானில் முப்பது வருஷம் உலோகவியல் பாடம் நடத்தி ரிட்டையரான புரொபசர் ஒருவர் ஆலோசகராக வந்தார். உடைந்த போல்ட்டைக் கொடுத்தால் தொடவே மாட்டார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார். கீழக்கரைக்கார சூப்பர்வைசர் காசிம் பாய் என் காதில் கிசுகிசுத்தார்: "இவரு போல்ட்டைப் பாக்குறாரா, பொண்ணு பாக்குறாரா?"

அவர் வாங்கிய பட்டம்

அவ்வளவு நேரம் பார்க்க அதில் என்னதான் இருக்கிறது என்று டீ குடிக்கும்போது கேட்டுவிட்டேன். இளம் வயதில், உலை வெடித்த ஒரு விபத்துக்குத் தொழிலாளியின் தவறுதான் காரணம் என்று ஊகித்து எழுதினாராம். அந்த ஆராய்ச்சிக்கு இவருக்கு டாக்டர் பட்டம், அந்த ஆளுக்கு வேலை போயிற்று. தப்பு தன்னுடையது என்று பத்து வருஷம் கழித்துத்தான் தெரிந்ததாம். "திருத்தம் அச்சிட்டேன். படிக்க அவர் உயிரோடு இல்லை" என்றார்.

பளபளப்பு

என் ரூமில் தம்பி மாதிரி இருந்தவன் சேகர், முதுகுளத்தூர்ப் பக்கத்து வெல்டர். பாரம் தூக்கும் பழைய வளையம் ஒன்றுக்கு அவன் வெல்டிங் வைத்த மறுநாளே அது முறிந்து, சைட்டில் ஒருவனுக்குக் கால் போய்விட்டது. வெல்டிங் சரியில்லை என்றது கம்பெனி. எங்கள் ரிப்போர்ட்டும் அப்படிச் சொன்னால் அவன் விசா கேன்சல்.

துண்டு என் மேசைக்கு வந்தது. நம்ம பையன் வேலையாச்சே, அழுக்காக இருந்தால் புரொபசர் என்ன நினைப்பார்! மைக்ரோஸ்கோப்புக்கு வைக்கும் துண்டுகளைத் தேய்த்தே பழகிய கை எனக்கு. முறிந்த முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஆசிட்டில் முக்கி, பளபளவென்று வைத்தேன். பாவி நான்!

பார்த்ததும் புரொபசர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முறிவுக்குள் பழைய துரு இருந்திருந்தால், விரிசல் முன்பே இருந்தது, சேகர் மேல் தப்பில்லை என்று ஆகியிருக்கும். துரு இருந்ததா என்று கேட்டார். தேய்க்கிற மும்முரத்தில் நான் பார்க்கவே இல்லை. "சாட்சியைக் குளிப்பாட்டிவிட்டாயே" என்றார்.

ரிப்போர்ட்

இருந்தது என்றே எழுதுங்கள் சார் என்று காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். வெல்டர் தப்பு என்று எழுதச் சொல்லிக் கம்பெனி நெருக்கியது. இரண்டுக்கும் மசியாமல், காரணம் கண்டறிய முடியவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெல்டர் மேல் தப்பில்லை என்று அதில் இல்லையே, கம்பெனிக்கு அதுவே போதும். சேகர் வேலை கலாஸ், விசாவும் கேன்சல். ஏர்போர்ட்டில் அவன் முகத்தைப் பார்க்க முடியாமல் அழுதேன். அவன்தான் என் தோளைத் தட்டினான்: "விடுங்கண்ணே, என் வேலை அழகா தெரியணும்னுதானே தேய்ச்சீங்க."

அதற்குப் பிறகும் எத்தனையோ வருஷம் அந்த லேபில் இருந்தேன்; என் மேசையைவிட அழுக்கான மேசை அங்கே கிடையாது.