யோஸ்டின் பனிக்கால விசை

போன அக்டோபரில் விறகு பிளக்கும் இயந்திரம் யோஸ்டின் வலது ஆள்காட்டி விரலைக் கொண்டுபோய்விட்டது. என்ட்லபுக் பள்ளத்தாக்கில் ஆண்டுதோறும் நடக்கும் துப்பாக்கி சுடும் விழாவில் நாற்பத்தாறு ஆண்டுகள், ஓராண்டும் தவறாமல், படுத்துச் சுட்ட மனிதர். பட்டாளம் கொடுத்த பழைய தானியங்கித் துப்பாக்கியைத் துடைத்து உறையிலிட்டார். இனி விசையை இழுக்க விரல் இல்லை, துப்பாக்கிச் சங்கத்தில் ஒப்படைத்துவிடப் போவதாகச் சொன்னார்.

அதைக் கேட்டதும் அக்கா அக்னெஸ் எழுந்தாள். மாடிக்குப் போய், தேதிவாரியாகக் கட்டி வைத்திருந்த கடிதங்களில் ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். 1972 பிப்ரவரி; பயிற்சி முகாமிலிருந்து அவர் எழுதியது.

"நீ எழுதினதுதான். படி."

கம்பளிக் கையுறை கேட்டு எழுதிய கடிதம். உறைபனியில் கையுறையோடு சுடுவதற்கென்று துப்பாக்கியின் பக்கத்தில் மடித்து வைத்த ஒரு விசை உண்டு. அதைக் கீழே இறக்கிவிட்டு, விரல்களையெல்லாம் சேர்த்து இழுக்க வேண்டும்.

யோஸ்ட் சிரித்துவிட்டார். "அன்னைக்குத் தொடர்சுடுதல். இழுத்த கையை விட மறந்துட்டேன்க்கா. இருபத்துநாலு குண்டும் ஒரே மூச்சுல போச்சு! குழல் மேல ஏறி, குண்டு ஒரு ஊசியிலை மரக்கிளையைப் பிச்சிடுச்சு. கிளையில இருந்த பனி பூரா கார்ப்பரல் தலையில!"

"அப்புறம்?"

"மூணு நாள் உருளைக்கிழங்கு தோலுரிச்சேன்."

பட்டாளப் பணி முடிந்து துப்பாக்கியைச் சொந்தமாகக் கொடுத்தபோது தொடர்சுடுதலை அடைத்துவிட்டார்கள். பனிக்கால விசையை மட்டும் யாரும் தொடவில்லை.

மே மாதம் சுடுமேடையில் அக்னெஸ் அவர் பின்னால் நின்றாள். அவருடைய தோல் கையுறையின் வெற்று விரலை அவள்தான் வெட்டி, ஓரம் மடித்துத் தைத்திருந்தாள். பக்கத்துப் பாயில் பால்காரர் ஆல்பின் படுத்திருந்தார். இருவரும் நாற்பது ஆண்டுகளாகப் புள்ளிகளுக்காகச் சண்டை போடுகிறவர்கள்.

யோஸ்ட் மீதி மூன்று விரல்களையும் சேர்த்து இழுத்தார். முதல் குண்டு. குண்டு பட்ட இடத்தைக் காட்டும் அவருடைய திரையில் ஒன்றும் தெரியவில்லை. ஆல்பினின் திரையில் நடுவட்டத்தில் ஒரு புள்ளி மின்னியது.

"யோஸ்ட், நான் இன்னும் சுடவே இல்லடா! எனக்கு நாலு புள்ளியா? உன் வாயில சர்க்கரை போடணும்!"

"சும்மா படுறா, கிழவா. உனக்கும் அது செல்லாது."

பெரிய அவமானம்தான்; வரிசை எண்ணைப் பார்க்காமல் அடுத்தவன் இலக்கைச் சுடுவது புதுப் பையன்கள் செய்கிற வேலை. ஆனால் அக்னெஸ் வேறொன்றைக் கவனித்தாள். குண்டு பட்டது நடுவட்டம்.

பதினெட்டில் மிச்சம் பதினேழு குண்டுகள். அவள் ஒவ்வொன்றையும் பென்சிலால் குறித்தாள். கூட்டினாள், திரும்பவும் கூட்டினாள். ஐம்பத்துநாலு. பதக்கத்துக்கு ஐம்பத்தைந்து வேண்டும்.

"அந்த முதல் குண்டு," என்றாள்.

"ஆமாக்கா. அதுதான்." யோஸ்ட் எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டார். அவர் முகத்தில் வருத்தமே இல்லை. சங்கத்துக்காரர் ஆயுத அறைச் சாவியோடு வந்து கையை நீட்டினார்.

"துப்பாக்கியைக் குடுக்குறேன்னு சொன்னீங்களே?"

யோஸ்ட் உறையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அடுத்த வருஷம் என் இலக்கைச் சுட்டுட்டு யோசிக்கிறேன்."