தவளை நின்ற இடம்

பெற்றோல் மணத்தை நான் முதலில் அறிந்தது மாமாவின் வாயிலிருந்துதான். காபரேட்டரின் மயிர்க்கண் அளவான பித்தளைத் துளைகளை உதட்டில் வைத்து ஊதுவார், ஊதி உமிழ்வார், உமிழ்ந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். கடற்காற்றையும் மீறிக் கண்ணைக் கரிக்கும் அந்த இனித்த நெடி என் பள்ளிக்கூடச் சட்டையில் ஏறிக்கொண்டால் முதலாம் பாடம் முடியும்வரை இறங்காது.

அம்மாவின் தம்பி அவர். நிலாவெளியில் எங்களுக்கு அடுத்த வளவு, துறைமுகக் கந்தோரில் வேலை. கப்பல் கம்பனி வெள்ளைக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது விட்டுப்போன, இரண்டே இருக்கைகள் கொண்ட, நிலத்தோடு நிலமாய்ப் பறக்கவென்று செய்த சின்னப் பச்சைக் கார் கைமாறிக் கைமாறி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. முன்மூடியின் மேல் இரண்டு விளக்குகள் முழித்துக்கொண்டிருந்ததால் ஊருக்கு அது "தவளை". எஞ்சினின் விலாவில் ஒட்டியிருந்து அதற்குப் பெற்றோல் ஊட்டிய இரட்டைக் காபரேட்டர்களை மாமா "மூத்தவர்", "இளையவர்" என்பார். "இண்டைக்கு இளையவருக்குத் தடிமன், மூக்கடைச்சுப் போச்சு" என்று அவர் பகிடி விட்டால் மாமி குசினிக்குள் போய்விடுவார். கலியாணமாகிப் பல வருடமாகியும் அவர்களுக்குப் பிள்ளையில்லை.

காலையில் மாமா கந்தோருக்கு, நான் பட்டணத்துப் பள்ளிக்கூடத்துக்கு. இருக்கைகளுக்குப் பின்னால் சாமான் வைக்கும் பொந்துக்குள், பெற்றோல் டாங்கிக்கு மேலே, புத்தகப்பையைக் கட்டிக்கொண்டு சுருண்டிருப்பேன். உப்புவெளியில், போரில் செத்த வெள்ளைக்காரரின் சவக்காலையை நெருங்கும்போது கார் இருமும், விக்கும், நிற்கும். அநேகமாக அதே இடம். சைக்கிளில் மீன் கொண்டுபோகும் காசிம் நானா மணியடித்துக்கொண்டே கத்துவார்: "என்ன கிளாக்கர் ஐயா, தவளை தன்ட சொந்தக்காரரப் பாக்க எறங்கிட்டா?"

மாமா சளைக்கமாட்டார். மூத்தவரைக் கழற்றி, இளையவரைக் கழற்றி, ஊதி, துடைத்து, பூட்டுவார், கார் கிளம்பும். "பாத்தியே, தூசிதான்" என்பார். மறுநாளும் அதே இடம், அதே தூசி. கார் விக்குவதற்கு முன் எனக்குக் கீழே டாங்கியின் தகரம் "டொங்" என்று உள்வாங்குவதை நான் கேட்டிருக்கிறேன், சொல்லியும் இருக்கிறேன். "கல்லடிச்சிருக்கும்" என்றார். காபரேட்டரைத் தவிர வேறொன்றின் மேல் சந்தேகப்பட அவருக்கு மனம் வரவில்லை. பிள்ளை அழுதால் பிள்ளைக்குத்தானே மருந்து.

அந்த வருடம் மாமிக்கு வயிற்றில் பிள்ளை தங்கியது. சேர்ச்சில் மெழுகுதிரி கொளுத்தினோம். மாமா காற்றில் நடந்தார். மாமி மட்டும் விசித்திரமாக, கார் நிற்கும் ஓலைக்கொட்டிலிலேயே பொழுதைப் போக்கத் தொடங்கினார். "பின்பக்கம் நான் துடைக்கிறன், நீங்கள் தண்ணி ஊத்த வேண்டாம்" என்று மாமாவின் கையிலிருந்து வாளியைப் பறித்துக்கொள்வார். மசக்கை என்று அம்மா சிரித்தார்.

ஐப்பசி மழை. பேறுகாலத்துக்கு இன்னும் நாள் இருந்தது. விடிந்ததும் மாமி கொட்டில் வாசலுக்கு வந்து மாமாவிடம், "வயித்துக்குள்ள ஒண்டும் அசையேல்லையப்பா" என்றார். பெரியாஸ்பத்திரி பட்டணத்தில். மாமியை முன்னால் ஏற்றி, பள்ளிக்கூட உடுப்போடு நின்ற என்னைப் பொந்துக்குள் திணித்து, மாமா ஓட்டினார். எனக்குக் கீழே "டொங்" என்றது. சவக்காலைக்கு முன்னால் கார் இருமியது, விக்கியது, நின்றது.

பஸ் இல்லை, காசிம் நானாவும் இல்லை. மழைக்குள் மூடியைத் திறந்து மாமா மூத்தவரைக் கழற்றினார். பித்தளைத் துண்டு நழுவிச் சேற்றில் விழுந்தது. குனிந்து துழாவி எடுத்து வாயில் வைத்தார்.

"இஞ்சருங்கோ." மாமியின் குரல். "அதுக்குள்ள ஒண்டுமில்ல. பின்னால போய்ப் பாருங்கோ. டாங்கிக் குழாயில குளவி கூடு கட்டியிருக்கு."

மாமா நிமிர்ந்தார். வாயிலிருந்து பெற்றோல் வழிந்தது. டாங்கிக்குக் காற்றுப் போகவென்று காரின் அடியில் விரல் மொத்தத்தில் ஒரு குழாய். அதன் வாயை, ஒரு குளவி போக மறு குளவி வந்து அப்பி அப்பி, மண் முற்றாய் அடைத்திருந்தது. காற்றுப் போகாத டாங்கியிலிருந்து பெற்றோல் எப்படி வரும்? அவர் ஊதிக்கொண்டிருந்த நேரங்களில் எங்கோ கசிந்து கொஞ்சம் காற்று ஏறியிருக்கிறது, கார் கிளம்பியிருக்கிறது, அவ்வளவுதான். மூத்தவரும் இளையவரும் ஒரு பாவமும் அறியார்.

"உமக்கு எப்ப தொடக்கம் தெரியும்?"

"பங்குனி. அது கட்டி முடிச்ச மாசம்தான் எனக்கு..." மாமி முடிக்கவில்லை.

குளவி மண் சுமந்தால் வீட்டுக்காரி பிள்ளை சுமப்பாள், கூட்டைக் கலைத்தால் குடி கலையும்: எங்கள் ஊரில் கோயிலுக்குப் போகிறவரும் சேர்ச்சுக்குப் போகிறவரும் ஒன்றாகச் சொல்லும் கதை. மாமா அதைக் கேட்டால் வெடித்துச் சிரிக்கிறவர். திருகாணி கழற்றும் திருப்புளியை எடுத்துக்கொண்டு பின்னால் போனார், சேற்றில் மண்டியிட்டார், நுனியைக் கூட்டின்மேல் வைத்தார். நான் பொந்திலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கை அசையவேயில்லை.

"என்னால ஏலாது" என்றார்.

அந்த அதிர்ச்சி இன்னும் எனக்குள் இருக்கிறது. தெரிந்தும் மறைத்த மாமியைவிட, நம்பாதவர் என்று நான் நம்பியிருந்த மாமாவின் அந்தக் கை.

மாமி கதவைத் திறந்து இறங்கினார். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு மழைக்குள் குந்தினார். "தாங்கோ" என்று திருப்புளியை வாங்கி, ஒரே குத்து. மண் உதிர்ந்தது, இரைக்கு வைத்திருந்த பச்சைப் புழுக்களும் வெள்ளையாய் ஒரு குளவிக்குஞ்சும் அவர் உள்ளங்கையில் விழுந்தன. அப்போது டாங்கி ஸ்ஸ்ஸ் என்று நீளமாக, ஒரு மனிசரைப்போல, மூச்சை உள்ளே இழுத்தது.

கார் அதன்பிறகு நிற்கவில்லை.

பிள்ளையின் நெஞ்சுத்துடிப்பு வீட்டை விட்டு நாங்கள் வெளிக்கிடும் முன்பே நின்றிருக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். "நீங்கள் பறந்து வந்திருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது." அதை இருவரும் கேட்டார்கள், இருவருக்கும் ஏறவில்லை. கூட்டை விட்டுவைத்ததால் போனது என்று மாமாவும், உடைத்ததால் போனது என்று மாமியும், அந்த ஒரே மண்கட்டியை ஆளுக்கொரு பக்கமாய்ப் பிடித்துக்கொண்டு, ஒருவரையொருவர் ஒரு சொல்லும் கடியாமல் வாழ்ந்தார்கள். மாமா பிறகு மூத்தவர், இளையவர் என்று சொன்னதேயில்லை.

வீடு திரும்பிய தவளை கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. நாட்டுச் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு ஓடித் திரும்பியபோது கொட்டிலும் இல்லை, காரும் இல்லை. இப்போது மாமாவும் இல்லை. என் காரில் காபரேட்டரே இல்லை. நின்றால் கராஜில் ஒரு வயரைச் செருகித் திரையைப் பார்த்துப் பிழை சொல்கிறார்கள். யாரும் எதையும் வாயில் வைத்து ஊதுவதில்லை.

போன மாரியில் மாமியைக் கண் டொக்டரிடம் காட்டப் பட்டணத்துக்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். சவக்காலையடியில், "கொஞ்சம் நிப்பாட்டு" என்றார். தூறலுக்குள் இறங்கி, மெல்லப் பின்பக்கம் போய், இடுப்பைப் பிடித்தபடி குனிந்து பார்த்துவிட்டு வந்து ஏறினார்.

"இதுக்குக் குழாய் இல்லையோ?"

"இருக்கு மாமி, உள்ளுக்க. குளவி போகேலாது."

"அப்ப சரி, எடு" என்றார்.

என்னால் உடனே எடுக்க முடியவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.