அடிப்பிடித்தால் நல்ல நாவல்

ஆர்.எஸ்.புரத்துக் குறுக்குத் தெரு ஒன்றில், தன் வாய்ச்சொல்லை நம்பித்தான் பெண்கள் நாவல் படிக்கிறார்கள் என்று பொற்கொடிக்கு ஒரு நினைப்பு. இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, கணவருக்குச் சோறு கட்டி, மிச்ச நேரத்தில் தையல் வகுப்பும் எடுக்கிறவள் உட்கார்ந்து படிப்பதெங்கே? அடுப்பு முன்னால் நின்றபடிதான். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் நாவல். கரண்டி எதற்கு என்பதுதான் அடிக்கடி மறந்துபோகும்.

வாடகைப் புத்தகங்களோடு தினமும் சைக்கிளில் வரும் முஸ்தபா பாய், புதுசு எது வந்தாலும் முதலில் அவளிடம்தான் தருவார். அவளும் குழாயடியில் நின்று அந்தக் கதையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவாள். பிறகு தெருவே அதைக் கேட்டு வாங்கும். எல்லாம் தன் ரசனைக்குக் கிடைத்த மரியாதை என்று பூரித்துப்போவாள், பாவம்.

தொண்ணூற்று நாலில் ஒரு சனிக்கிழமை, பக்கத்து வீட்டுப் பழனியாத்தாள் பாயிடம் சண்டைக்கு நின்றாள்.

"ஏனுங்க பாய், இதப்போயி நல்லாருக்குன்னு குடுத்தீங்களே! முப்பது பக்கம் தாண்டலீங்க."

"நான் என்னங்க பண்றது? செவ்வாக்கெழம இந்த அம்மணி ஊட்டுல பால் தீஞ்ச வாசம் தெருமொனை வரைக்கும் வந்துச்சுங்களே. பருப்பு தீஞ்சா சுமாரு, பால் தீஞ்சா பிரமாதம். நாலு வருசமா தப்புனதே இல்லீங்க."

வாசலில் நின்ற பொற்கொடிக்கு உச்சி சுட்டது. குழாயடியில் பேசியதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு! இவர்கள் மதித்தது அவள் அறிவை அல்ல, சட்டியை.

"நீங்களே சொல்லுங்க அம்மணி, பால் தீஞ்சுதா இல்லியா?"

தீய்ந்ததுதான். ஆனால் ஏன் தீய்ந்தது என்ற உண்மையைச் சொன்னால் படிப்பாளி என்ற பேர் போகும். சொல்லாவிட்டால் அந்த மட்டமான நாவலுக்கு ஜாமீன் நின்றதாகும்.

"அன்னைக்கு..." என்று இழுத்தாள். "படிக்கப் படிக்கத் தூக்கம் வந்து, நின்னமேனிக்கே தூங்கிப்போட்டனுங்க."

பழனியாத்தாள் சிரித்துத் தீர்த்தாள். அப்புறம், "செரி உடுங்க. நல்லதா ஒண்ணு நீங்களே சொல்லுங்க கண்ணு, கேக்கறேன்" என்றாள்.

இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தி வாய் திறந்து கேட்கிறாள்! பொற்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். நூற்றுக்கணக்கில் படித்த மண்டையில் ஒரு தலைப்பாவது வர வேண்டுமே.

"அதுங்க... கத்திரிக்கா புளிக்கொளம்பு கரிஞ்சுதே, அந்தப் பொஸ்தகம்..."

பாய் சட்டென்று பைக்குள் கைவிட்டு அதை எடுத்துக் கொடுத்தார்.