கக்கா வரைந்த கோடு

சந்தேகம் எங்கள் வீட்டுச் சொத்து. அப்பாவுக்கு மட்டாஞ்சேரியில், கொச்சங்காடிக் கிடங்கு ஒன்றில் மிளகு மூட்டைகளைச் சோதிக்கும் வேலை. சாக்கில் இரும்புக் குழலைக் குத்தி இழுத்து, வந்த மணிகளைத் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். மிளகு மூழ்கும், பப்பாளி விதை மிதக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கண் மூடாது. பால், பருப்பு, பக்கத்து வீட்டு விசேஷத்திலிருந்து வந்த பாயசம் என்று எதையும் ஒரு நிமிஷம் உற்றுப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார். எனக்கும் அதே கண். எண்பதுகளின் தொடக்கத்தில் எர்ணாகுளத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, இந்தக் குணம் எனக்குக் கைகொடுக்கும் என்றுதான் நினைத்தேன்.

அங்கே ஜப்பானிலிருந்து வந்த ஒரு கருவி இருந்தது. குளிரூட்டிய அறையில் அதற்கு எங்களைவிட நல்ல வாழ்க்கை. விளக்கைப் போடுவதற்கு அரை மணி முன்பே அதன் வயிற்றுக்குள் நைட்ரஜனைத் திறந்துவிட வேண்டும். மறந்தால் மூக்கைக் குத்தும் ஒரு வாடை அறையெங்கும் வரும். அது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியை இடமாகவும் வலமாகவும் மாறி மாறிச் சுழலவைத்து, சின்னக் குவார்ட்ஸ் குப்பியிலிருக்கும் கரைசலுக்குள் அனுப்பும். இரண்டில் எதைக் கரைசல் அதிகம் விழுங்குகிறது என்று அளந்து, அந்த வித்தியாசத்தைத் தாளில் பேனாவால் கோடாக இழுக்கும்.

அமினோ அமிலங்கள் அநேகமாக எல்லாமே இரண்டு வடிவில் உண்டு, இடக்கால் செருப்பும் வலக்கால் செருப்பும் போல. எடை ஒன்று, வெண்மை ஒன்று, கண்ணால் பார்த்துப் பிரிக்க முடியாது. இந்தக் கருவி பிரித்துவிடும். இட வகை என்றால் பேனா மேலே ஏறி ஒரு மேடு வரையும். வல வகை என்றால் அதே அளவுக்குப் பள்ளம். இரண்டும் சரிபாதி கலந்திருந்தால் கோடு தட்டையாகப் போகும். விலங்குகளின் உடம்பில் இருப்பது இட வகை மட்டுமே என்று நாங்கள் படித்த புத்தகங்கள் அடித்துச் சொல்லின.

எனக்குக் கொடுத்த வேலை காயல் கக்கா, அதாவது உப்பங்கழிச் சேற்றில் கிடைக்கும் மட்டிச் சிப்பி. கோடையில் காயலில் உப்பு ஏறும்போது கக்காவின் சதையில் அலனைன் என்ற அமினோ அமிலம் கூடுகிறதா என்று பார்க்க வேண்டும். கூடுவது நல்ல இட அலனைன்தானா என்று அந்தக் கருவியில் உறுதி செய்ய வேண்டும். இங்கேதான் சிக்கல். மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருந்தும் எங்கள் வீட்டு வாசலை மீன் வாடை தாண்டியதில்லை. கக்காவைத் தொடுவது எனக்கு ஆகாது. சங்கோஜத்தோடு சாரிடம் சொன்னேன். எங்கள் பிரிவின் தலைவர் அவர். சிரித்துவிட்டு, அந்தப் பகுதியை ஆய்வுக்கூட உதவியாளராக இருந்த ஒரு சேச்சியிடம் விட்டார். பிறகு நான் எழுதிய அறிக்கைகளில் எல்லாம் "மாதிரி தயாரிக்கப்பட்டது" என்று ஒரு வரி வரும். யார் தயாரித்தார் என்று இராது.

சேச்சி வைப்பின் தீவிலிருந்து படகில் வருவார். அவரும் தமிழ்தான். நகரசபைத் துப்புரவு வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கக்காவைப் பிளந்து, சதை எடுத்து, ஆல்கஹாலில் ஊறவைத்து வடிப்பது, பிறகு நாள் முழுக்கச் சொட்டும் பிரிப்புக் குழாய்க்குக் காவல் இருப்பது எல்லாம் அவர் வேலை. வெள்ளைப் பொடியாக வந்த பிறகுதான் நான் தொடுவேன். வாயில் சேச்சி என்று கூப்பிட்டாலும் மனதில் "அவள்" என்றே நினைத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வேலை தற்காலிகம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டிக்க என் குறிப்பு வேண்டும். அந்தத் தடவை நிரந்தரமாக்கும் பேச்சும் இருந்தது. வீட்டில் அவர் ஒருவர் வருமானம்தான்.

முதல் பொடியைக் கருவியில் வைத்தேன். பேனா மேலே ஏறவில்லை. மேடு வரவேண்டிய இடத்தில், தூக்கக் கலக்கத்தில் புரண்டு படுத்ததுபோல் லேசாக அசைந்துவிட்டுத் தட்டையாகப் போயிற்று. அடுத்து, வாங்கிவைத்திருந்த சுத்தமான இட அலனைனை வைத்தேன். மேடு அழகாக வந்தது. கருவியில் குற்றமில்லை.

எங்கள் அலமாரியில் இன்னொரு குப்பி இருந்தது. ஆலையில் செய்த மலிவான அலனைன், இட வகையும் வல வகையும் சரிபாதி. அதை எடுத்துப் பார்த்தேன். போன வாரத்தைவிடக் குறைந்திருந்ததாகத் தோன்றியது. போன வாரம் எவ்வளவு இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனாலும் குறைந்திருந்ததாகவே தோன்றியது. உண்மையான பொடியைக் கொட்டிவிட்டு, பயத்தில் இதை அள்ளிப் போட்டு நிரப்பியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். அலமாரிச் சாவியும் அவரிடம்தான் இருந்தது.

"சேச்சி, இதுல வேற ஏதாவது கலந்துதா?"

"இல்ல மேடம். கக்காவத் தவிர ஒண்ணுமில்ல."

"கொட்டிப் போச்சுன்னா சொல்லிடுங்கோ. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"கொட்டினா சொல்ல மாட்டேனா மேடம்? நான் என்னத்துக்குப் பொய் சொல்லணும்?"

பொய் சொல்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் கேட்பார்கள் என்று எனக்குள் அப்பாவின் கண் விழித்துக்கொண்டது. அதன்பின் நான் ஆளே மாறிப்போனேன். சேச்சி சாயா குடிக்கப் போனால் அவர் மேசையைத் துழாவினேன். மலிவுக் குப்பியின் மட்டத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கதவிடுக்கில் நின்று அவர் கைகளைப் பார்த்தேன். ஒருநாள் அவர் திரும்பிப் பார்த்துவிட்டார். கைகளைக் கழுவித் துடைத்து, இரண்டையும் மேசைமேல் எனக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டார். அதையும் திமிர் என்றே எடுத்துக்கொண்டேன். பென்சில் கோடு இறங்கவேயில்லை. அடுத்த இரண்டு பொடிகளும் அதே தட்டைக் கோட்டையே வரைந்தன. என் பென்சில் கோட்டைப் பார்த்துவிட்டாள், அதனால் கலக்கும் பொடியை வீட்டிலிருந்து கொண்டுவருகிறாள் என்று நினைத்தேன். வைப்பினில் யார் வீட்டில் அலனைன் இருக்கும் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

சாரிடம் மூன்று தாள்களையும் காட்டினேன். "கக்காவில் இது வராது. யாரோ கைவைத்திருக்கிறார்கள்" என்றார். யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. குறிப்பில் மட்டும் எழுதினேன்: "மாதிரி தயாரிப்பில் நம்பகத்தன்மை இல்லை." ஒரே வரி. மாதக் கடைசியில் சேச்சியின் வேலை முடிந்தது. அலமாரிச் சாவியைத் துணியால் துடைத்து என் மேசையில் வைத்துவிட்டு, "படகுக்கு நேரமாச்சு" என்று போய்விட்டார்.

புதிய ஆள் கிடைக்கவில்லை. வேலை அப்படியே கிடந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் நானே இறங்கினேன். மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு முதல் கக்காவைப் பிளந்தபோது குமட்டியது. பத்தாவது கக்காவில் குமட்டல் நின்றது. குழாய்க்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். மலிவுக் குப்பியை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கயிறுபோல் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டேன். வீட்டில் அம்மா என் கையைப் பிடித்து முகர்ந்து பார்த்து, "என்னடீ இது, என்னமோ ஒரு மணம் வரதே?" என்றாள். ரசாயனம் என்று பொய் சொன்னேன். அம்மாவும் நம்பவில்லை.

பொடியை நானே எடுத்துப் போய்க் கருவியில் வைத்தேன். பேனா நகர்ந்தது. மேடு வரவேண்டிய இடத்தில் லேசாக அசைந்துவிட்டுத் தட்டையாகப் போயிற்று.

தண்ணீரைச் சந்தேகித்தேன், மாற்றினேன். ஆல்கஹாலை மாற்றினேன். வேறு படகுத்துறையில் வாங்கிய கக்காவைக் கொண்டுவந்தேன். எல்லாவற்றையும் மாற்றிய பிறகும் அதே கோடு. இனிச் சந்தேகிக்க என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை. கலந்தது சேச்சியல்ல, கக்காதான். அதன் சதையிலேயே வல அலனைனும் இருந்தது, கிட்டத்தட்டச் சரிபாதி. புத்தகங்கள் சொல்லாததை அந்தப் பெண் கையில் எடுத்து மூன்று தடவை எனக்குக் கொடுத்திருந்தார்.

சாரிடம் தாளைக் காட்டினேன். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "இது பெரிய விஷயம் தெரியுமா? உடனே எழுது" என்றார். சேச்சியைப் பற்றிச் சொன்னேன். குறிப்பைத் திருத்தித் தருகிறேன் என்றேன். அந்த இடம் ஏற்கெனவே ரத்தாகிவிட்டது, அலுவலகத்தில் இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். கட்டுரை எழுதியபோது சேச்சியின் பெயரையும் சேர்க்கக் கேட்டேன். அதுவும் நடக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படகேறி வைப்பினுக்குப் போனேன். சேச்சி ஓர் இறால் தோலுரிக்கும் கொட்டகையில் ஈரத்தரையில் குந்தியிருந்தார். விரல் நுனிகள் ஐஸில் வெளுத்து ஊறிப்போயிருந்தன. பக்கத்தில் குந்தி எல்லாவற்றையும் சொன்னேன். கக்காவிலேயே இருந்தது, நான் எழுதியது தப்பு, எனக்கு வெட்கமாக இருக்கிறது என்றேன். கைகள் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மேடம் கைகொண்டு செஞ்சப்பவும் அந்தக் கோடுதானே வந்துச்சு?"

"ஆமா, சேச்சி. அதே கோடுதான்."

"அப்ப சார் மேடத்துகிட்ட, எந்தப் பொடிய எடுத்துக் கலந்தீங்கன்னு கேட்டாரா?"

"இல்லை" என்றேன்.

சேச்சி தலையை ஆட்டிவிட்டு அடுத்த இறாலை எடுத்தார்.