கிளிப்புக்குள் இருந்த காகிதம்

இன்று காலை என் பெண்ணின் பள்ளியிலிருந்து ஒரு மெயில் வந்தது. திறந்ததுமே கடிதத்துக்குக் கீழே அவள் வகுப்புப் படம் தானாக விரிந்து நின்றது. வீட்டில் யாருக்கும் அதில் வியப்பில்லை. எனக்கு மட்டும் சூடான பிரிண்டரின் வாசனை மூக்கில் ஏறியது.

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் இருக்கும். சங்கரன்கோவில் பக்கமிருந்து பெட்டியோடு வந்து, இருங்காட்டுக்கோட்டையில் காருக்குத் தகட்டுப் பாகங்கள் செய்யும் சின்ன ஃபேக்டரியில் ட்ரெய்னியாகச் சேர்ந்திருந்தேன். ஒரே அறையில் ஏழு பேர். தூங்க இடம் பிடிப்பதே தனி ஷிப்ட். ஃபேக்டரியில் இன்டர்நெட் உள்ள கம்ப்யூட்டர் ஒன்றுதான். அதன் மகாராணி ஆபீஸ் வசந்தா அக்கா. காலையில் வந்த மெயில்களையெல்லாம் பிரிண்ட் எடுத்து, சீல் குத்தி, ட்ரேயில் அடுக்குவார். சிரிக்காதீர்கள், சீல் விழாத மெயில் எங்களுக்கு மெயிலே இல்லை. அவற்றை மிஷின்கள் ஓடும் உற்பத்தி லைனுக்குக் கொண்டுபோவது என் வேலை.

ஒருநாள் வெளிநாட்டுக் கஸ்டமரிடமிருந்து வந்த தாளை சூப்பர்வைசர் ஏழுமலை அண்ணனிடம் நீட்டினேன். ஒரு பிராக்கெட்டின் டிராயிங் மாறியிருக்கிறது, புதியது இணைக்கப்பட்டுள்ளது என்றிருந்தது.

"இன்னாபா, கூட இருந்த ஷீட்டு எங்க?"

"ஒண்ணுதான் குடுத்தாவ அண்ணே."

"இணைச்சிகிறோம்னு எழுதிகிறான் இல்ல? வழில எங்கயோ உட்டுட்ட. உனக்கு முன்னாடி இருந்த ட்ரெய்னியும் இப்டித்தான் தொலைச்சிகினே இருந்தான். மூணாவது தபா ஊருக்கு அனுப்பிட்டாங்க."

என்னை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று அடுத்த மாதம்தான் முடிவு செய்ய இருந்தார்கள். கேன்டீன், ஸ்டோர்ஸ் எல்லாம் தேடினேன். குப்பைத்தொட்டியில் டீ கப்புகளுக்கு நடுவே கைவிட்டுத் துழாவினேன். லைன் நின்றிருந்தது. கடைசியில் வசந்தா அக்காவிடம் போய், தொலைத்துவிட்டேன், இன்னொரு காப்பி வேண்டும் என்று நின்றேன்.

அவர் மெயிலைத் திரையில் திறந்தார். ஓரத்தில் குட்டியாக ஒரு கிளிப் படம்.

"இது என்னக்கா?"

"அது மேல கைய வெச்சா வைரஸ் வந்துடும்னு கம்ப்யூட்டர்காரர் சொல்லிகிறாரு. நான் தொட்றதே இல்லபா."

தொட்டோம். ஒரு பெயர் வந்தது. அதையும் தொட்டால், திறக்கவா சேமிக்கவா என்று எச்சரிக்கையோடு ஒரு பெட்டி கேட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். நான் அழுத்தினேன்.

கிழட்டுக் கம்ப்யூட்டர். மேலிருந்து கீழாக மெல்ல மெல்லப் படம் இறங்கி வந்தது. தினமும் கையில் பிடிக்கும் அதே பிராக்கெட். ஒரு துளை மட்டும் இடம் மாறியிருந்தது. அதைச் சுற்றிக் கடல் தாண்டி யாரோ ஒருவர் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருந்தார். பேனா அழுத்திய இடத்தில் மை கசிந்திருந்ததுகூடத் தெரிந்தது. உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. நான் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்த நேரமெல்லாம், கனமில்லாமல் கசங்காமல் அந்தக் காகிதம் இதற்குள்ளேயே இருந்திருக்கிறது.

ஏழுமலை அண்ணனைக் கூட்டி வந்தோம். திரையை விரலால் தடவிப் பார்த்தார்.

"உள்ள இன்னும் எத்தினி கீதுபா?"

பழைய மெயில்களைத் தேடிப்போனோம். வரிசையாகக் கிளிப்புகள். எனக்கு முந்தையவன் தொலைத்ததாகச் சொன்ன மூன்றும் இருந்தன, மூன்றும் திறந்தன. கடைசியைப் பார்த்ததும் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "அவன்கிட்ட இன்னான்னு சொல்றது" என்றார்.

எனக்கு வேலை நிரந்தரமானது. இன்று அந்த ஃபேக்டரி இல்லை. லாரிகள் நிறுத்தும் இடமாகிவிட்டது. சீலும் ட்ரேயும் போன இடம் தெரியவில்லை. அந்தப் பழைய ட்ரெய்னிக்கு, ஆபீஸில் இருந்த முகவரிக்கு அக்கா அப்போதே ஒரு கடிதம் போட்டார். ஆள் ஊரைவிட்டுப் போய்விட்டதாகத் திரும்பி வந்தது. எங்களைப் போன்றவர்களிடம் செல்போன் இல்லாத காலம் அது. எங்கேயிருந்தாலும், அந்தக் காகிதங்களைத் தான்தான் தொலைத்ததாக இன்னமும் நினைத்துக்கொண்டிருப்பான்.