இறுகிய கெண்டைக்கால்

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் நெஞ்சைத் துடைத்து, ஒயர்களை ஒட்டி, கையில் இரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி, விழுந்துவிடாதபடி வாரை இறுக்கினாள் டெக்னீஷியன். அன்றைக்கு ஐந்தாவது ஆள். மருத்துவமனையில் அவளுக்குச் சாய்மேசை அக்கா என்று பெயர். பதினாறு வருடமாக, மயங்கி விழுகிறவர்களை அந்த மேசையில் படுக்கவைத்து, அழுத்தம் பார்க்க மேசையோடு நிமிர்த்துகிறாள். இப்போதெல்லாம் அவள் இடுப்புதான் நிமிர மறுக்கிறது.

மேசையில் கிடந்தவர் தொழிற்சாலை வாசலில் காவலர், பல வருடமாகச் சர்க்கரை நோய் உள்ளவர். வேலையில் மூன்று முறை மயங்கி விழுந்தார். வேறிடத்துச் சோதனையில் எல்லாம் சரி என்று வந்ததால், நடிக்கிறார் என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். இன்றும் அதே வந்தால் வேலை போகும். கோளாறு என்று வந்தால் உட்கார்ந்து செய்கிற வேலை தருவார்கள்.

"வீட்டுல அஞ்சு நிமிஷம் நிக்க மாட்டாரு. வாசல்ல மட்டும் தூணு" என்றாள் முக்காலியில் இருந்த மனைவி.

"சும்மா இரு. நீ பேசினா எனக்குத்தான் பிரஷர் ஏறும்."

முதலில் மூச்சுச் சோதனை, நிமிடத்துக்கு ஆறு. இழுக்கும்போது இதயம் வேகமாகவும் விடும்போது மெதுவாகவும் துடிக்க வேண்டும். நம்மைக் கேட்காமலே நரம்புகள் பார்த்துக்கொள்கிற வேலை அது. பத்துக்கு மேல் இருக்க வேண்டிய வித்தியாசம் அவருக்கு நான்கே துடிப்பு. சர்க்கரையில் நரம்பு களைத்துவிட்டிருந்தது. அப்படியானால் நிமிர்த்தியதும் அழுத்தம் சரிய வேண்டும்.

நிமிர்த்தினாள். சரியவில்லை. ஐந்து நிமிடமாகியும் நூற்று முப்பதிலேயே நின்றது.

சரி என்று எழுதிவிட்டு உட்காரலாம். ஆனால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகவில்லை. போர்வையை விலக்கினாள். கால்விரல்கள் மடங்கி, கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது.

"அண்ணே, காலை ஏன் இறுக்குறீங்க?"

"அப்படியா? கண்ணு இருட்டுறப்ப இப்படிப் புடிச்சா நின்னுடலாம் மேடம். சூப்பர்வைசர் முன்னால விழக் கூடாதுல்ல, பழகிடுச்சு."

"போன தடவையும் இப்படித்தான் நின்னீங்களா?"

"ஆமா."

"நல்லா நின்னீங்க போங்க!" என்று மனைவி தலையில் கை வைத்தாள்.

இறுக்கிய தசை இரத்தத்தை மேலே தள்ளிவிடும். நரம்பின் குறை வெளியே தெரியாது. மறுபடி படுக்கவைத்து, அசையாமல் இருபது நிமிடம். வெளியே காத்திருந்த அடுத்த ஆளிடம் தாமதமாகும் என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

"இந்தத் தடவை காலைத் தொளதொளன்னு விட்டுடுங்க."

"விழுந்துட்டா?"

"வார் இருக்கு. நானும் இருக்கேன்."

இரண்டாவது நிமிடத்தில் அழுத்தம் தொண்ணூறுக்கு இறங்கியது. ஈடுகட்ட ஓட வேண்டிய இதயம் மூன்றே துடிப்பு கூட்டியது. முகம் வெளிறியதும் மேசையைத் தாழ்த்தினாள். மனைவி எழுந்து வந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டாள்.

காலை இறுக்கியபோது வந்த எண், தளர்த்தியபோது வந்த எண் இரண்டையும் எழுதி, நரம்புக் கோளாறு என்று டாக்டரிடம் கையெழுத்து வாங்கி வந்தாள். அவளைக் கண்டதும் காவலர் பழக்கத்தில் எழப்போனார்.

"எதுக்கு எந்திரிக்கிறீங்க? உட்கார்ந்தே வாங்கிக்குங்க அண்ணே" என்று அறிக்கையை நீட்டினாள்.