பெயிண்ட் காய மூட்டிய கரி

2023 ஜூலை 16, ஞாயிறு, மாலை நான்கு இருபது. இலங்கை மலையகத்து ராகலையில் காலையிலிருந்தே தூறல். முற்றத்து வேலி தெரியாத அளவுக்குப் பனிமூட்டம். ஒட்ட மிச்சமாய் மேசையிலிருந்த பொம்மை விமானப் பாகங்களை எண்ணினேன்: முப்பத்தொன்று. மறுபடி எண்ணினேன்: இருபத்தெட்டு. மூன்றாம் முறை இருபதைத் தாண்டியதும் அடுத்த எண் என்னவென்றே தெரியவில்லை. மண்டைக்குள் இடித்தது.

முப்பத்தாறு வருடம் தேயிலைத் தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்தவன் நான். என் அண்ணன் கடைசிக் காலத்தில் தன் பிள்ளைகளின் பெயரையே மறந்தார். எனக்கும் அது தொடங்கிவிட்டது என்று முடிவுசெய்தேன். மனைவி ராஜேஸ்வரியிடம் தலைவலி என்று மட்டும் சொன்னேன்.

அந்த விமானம், உலகப் போர்க்கால ஹரிக்கேன் சண்டை விமானத்தின் சிறிய மாதிரி. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. மகன் துபாயிலிருந்து அனுப்பியது. அந்த வாரம்தான் இறக்கைகளை ஒட்டி, மேற்புறத்துக்கு மண்நிறமும் பச்சையும் அடித்திருந்தேன். எங்கள் ஊர் ஈரத்தில் பெயிண்ட் லேசில் காயாது. மூன்றாம் நாளும் கைரேகை பதியும். ஆகவே பின்னறை ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் துணி திணித்து, இரும்புச் சட்டியில் கரி மூட்டிவந்தேன். புகையில்லாத நல்ல கரி. பெயிண்ட் கரைக்கும் தின்னர் வாடைதான் தலைவலிக்குக் காரணமோ என்று அந்தப் போத்தலை மட்டும் வெளியே வைத்தேன்.

டவுன் டாக்டர் பிரஷர் பார்த்தார். விரலில் மாட்டி இரத்தத்து ஒட்சிசனை அளக்கும் கருவி தொண்ணூற்றெட்டு காட்டியது. கண்டியில் சி.டி. ஸ்கேன் (தலையின் உட்பகுதியைப் படமெடுக்கும் பரிசோதனை) எடுத்தோம். கோளாறு இல்லை. அங்கே மகள் வீட்டிலிருந்த மூன்று நாளும் வலியே இல்லை. வீடு திரும்பி, விமானத்தின் அடிப்புறத்துக்கு வெளிர்நீலம் அடித்துக் கரியில் காயவைத்த அன்றே வலி திரும்பியது. ஸ்கேனுக்கும் பிடிபடாத வியாதி என்று நினைத்தேன்.

மறுநாள் ராஜேஸ்வரி தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். சக்கரக் குழிக்கு நான் பெயிண்ட் அடிக்க, விமானத்தின் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்னங்க, இந்த ஏரோப்பிளேனுக்குச் செய்யிற சேவையில கால்வாசி எனக்குச் செஞ்சிருந்தா, நான் ராணி மாதிரி இருந்திருப்பேன்.”

அரைமணி நேரத்தில் “தலை சுத்துதுங்க” என்று எழுந்தவள் கதவருகே விழுந்தாள். அவளை வெளியே இழுத்துப் போட்டு, பக்கத்து வீட்டு வேனில் நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த இளம் டாக்டரம்மா என் முகத்தையும் பார்த்தார்.

“ஐயா, உங்களுக்கும் தலை வலிக்குதா?”

“எனக்கு வேற வியாதிங்க. மறதி.”

“ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டுலயா? உள்ள என்ன எரிச்சீங்க?”

காபனோரொட்சைட்டு (கரி அரைகுறையாக எரியும்போது வரும், மணமும் நிறமும் இல்லாத நச்சுவாயு). விரல்கருவியால் அதைப் பிரித்தறிய முடியாதாம். இரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் இருவருக்கும் ஒட்சிசன் வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ராஜேஸ்வரி முகமூடியைச் சற்றுத் தூக்கினாள்.

“என் மூச்சை எண்ணாதீங்க. கண்ணு படும்.”

எண்ணிக்கொண்டுதான் இருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். சிலருக்கு ஆறு வாரம் வரைக்கும் பிந்தி மறதி வரலாம், அம்மா மயங்கி விழுந்ததால் அவரைக் கவனமாகப் பாருங்கள் என்றார். அன்றிலிருந்து என் பயம் அவள்மேல் தாவியது. ஒருநாள் குழம்பில் உப்பு இல்லை. அன்று நான் தூங்கவில்லை.

வீட்டில் இருவருக்குச் சேர்ந்து தலை வலித்து, வெளியே போனதும் வலி விட்டால், முதலில் எல்லோரையும் வெளியே கொண்டுவாருங்கள். எதை எரித்தீர்கள் என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

இப்போது ஜன்னல் திறந்தே இருக்கிறது. ஒரு பூச்சு காய ஐந்து நாள். முன்பு அது வீணாகும் நேரம். இப்போது அந்த ஐந்து நாளும் அவள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். மூச்சு தானாக நடக்கும் காரியம் என்ற எண்ணம் எனக்குப் போய்விட்டது.

ஆறாம் வாரம் முடிந்த அன்று ஸ்கேன், வேன், மருந்துச் செலவுகளைத் தாளில் எழுதி, கூட்டுத்தொகையைப் போடாமல் ராஜேஸ்வரியிடம் நீட்டினேன்.

“எனக்குப் பரீட்சையா வைக்கிறீங்க?”

கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்து, உதடு அசையக் கூட்டிச் சொன்னாள்: நாற்பத்தேழாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய். நான் மனதுக்குள் கூட்டி வைத்திருந்ததும் அதே தொகை.